காணாமற்போன கொல்லுப்பட்டறையும் மளிகைக்கடைக் கணக்கும்



மார்ச் மாதக் கணக்கு முடிந்து, காகிதங்களை ஆடிட்டரிடம் கொடுத்தாயிற்று என்றால், அடுத்து நம்மில் பலர் செய்யும் வேலை பரணைக் காலி செய்வதுதான். பழைய பேரேடு, பில் புத்தகம், கடன் சிட்டை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிடுவோம். அந்த இடத்தில் நாலு மூட்டை சரக்கு அடுக்கலாம் அல்லவா? நாங்களும் அப்படிச் செய்தவர்கள்தான். அதனால் பட்ட பாட்டையும் பிறகு சொல்கிறோம். அதற்கு முன், நமக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு தூர தேசத்துச் செய்தியைச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுமையுடன் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ரோச்சஸ்டர் நகரில் மகள் வீட்டில் நாங்கள் இருவரும் மூன்று மாதம் தங்கியிருந்தோம். நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ரோச்சஸ்டரை விட்டு வெளியே வந்தால் வயலும், ஆப்பிள் தோட்டமும், சின்னச் சின்ன ஊர்களுமாக இருக்கின்றன. கடையும் இல்லை, மண்டியும் இல்லை, எங்களுக்குப் பொழுது போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரில் அழைத்துப் போனார். வழியில் ஒரு வீட்டைக் காட்டி, "மாமா, அந்தச் சுவரைப் பாருங்க, அத்தனையும் வயல்ல பொறுக்கின கல்லு" என்றார்.

இறங்கிப் பார்த்தோம். உருளைக்கிழங்கு அளவுள்ள உருண்டைக் கற்கள். ஒரே அளவாகத் தேர்ந்தெடுத்து, நூல் பிடித்தது போல வரிசை வரிசையாகப் பதித்திருந்தார்கள். நாம் மிளகையும் உளுந்தையும் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்போமே, அதுபோல அந்தக் காலத்தில் கல்லைத் தரம் பிரித்திருக்கிறார்கள். பலகையில் ஓட்டை போட்டோ, இரும்பு வளையம் செய்தோ, அதில் நுழையும் கல் ஒரு குவியல், நுழையாத கல் வேறொரு குவியல் என்று ஒதுக்கினார்களாம்.

கூழாங்கல் கட்டடம் வந்த கதை

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி முழுவதும் பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. பனி உருகிப் பின்வாங்கியபோது, அது உருட்டிக்கொண்டு வந்த கற்களை நிலமெங்கும் விட்டுச் சென்றது. பக்கத்தில் இருக்கும் ஒன்டாரியோ ஏரியின் அலைகளும் கரையோரக் கற்களை வழுவழுப்பாகத் தேய்த்து வைத்தன. குடியேறிய விவசாயிகளுக்கு இந்தக் கற்கள் பெரிய தொல்லை. ஏர் ஓட்ட வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்கி வேலி ஓரம் குவிக்கவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஈரி கால்வாய் வந்தது. 1817-ல் தொடங்கி 1825-ல் முடித்தார்கள். ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் ஆல்பனியிலிருந்து ஈரி ஏரிக்கரையில் உள்ள பஃபலோ வரை 363 மைல் நீளம். வியாபாரிகளாகிய நமக்கு இதன் அருமை உடனே புரியும். பஃபலோவிலிருந்து நியூயார்க் நகரத்துக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப 100 டாலர் அளவில் ஆகிக்கொண்டிருந்த வாடகை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. அதுவரை உள்ளூரிலேயே கிடந்த கோதுமைக்கு வெளியூர் விலை கிடைத்தது. ரோச்சஸ்டரின் நீர்வீழ்ச்சிகளில் மாவு மில்கள் ஓடின. 'மாவு நகரம்' என்றே அந்த ஊருக்குப் பெயர் வந்தது.

விவசாயி கையில் நாலு காசு சேர்ந்தது. மரக்குடிசையை விட்டுவிட்டு நல்ல வீடாகக் கட்ட ஆசைப்பட்டான். வேலி ஓரம் குவிந்துகிடந்த கல்லுக்கு விலை இல்லை. சுண்ணாம்பும் உள்ளூரிலேயே சுட்டுக்கொள்ளலாம். இப்படித்தான் 1825-க்குப் பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான கூழாங்கல் கட்டடங்கள் எழுந்தன. வட அமெரிக்காவில் உள்ள இத்தகைய கட்டடங்களில் சுமார் 90 சதவிகிதம் ரோச்சஸ்டரைச் சுற்றி 75 மைலுக்குள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வீடுகள் மட்டுமல்ல, மாதாகோயில், பள்ளிக்கூடம், கடை, கொல்லுப்பட்டறை என்று எல்லாவற்றையும் அப்படிக் கட்டினார்கள். நெருப்புப் பொறி பறக்கும் பட்டறைக்கு மரச்சுவரைவிடக் கல்சுவர் பாதுகாப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சைல்ட்ஸ் என்ற சிற்றூரில் இத்தகைய மூன்று கட்டடங்களை அருங்காட்சியகமாகப் பாதுகாக்கிறார்கள். 1834-ல் கட்டிய மாதாகோயில், 1840-ஐ ஒட்டிக் கட்டிய வீடு, 1849-ல் கட்டிய பள்ளிக்கூடம். இவற்றைக் காப்பதற்கென்றே 1960-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1993-ல் இவை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அங்கே ஒரு கொல்லுப்பட்டறையும் இருக்கிறது. ஆனால் அது 1920-களில் எழுந்தது, கூழாங்கல்லால் ஆனதன்று. கூழாங்கல் பட்டறைகளில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன.

பட்டறையில் நடந்த வியாபாரம்

நாற்சந்தி இருந்த இடத்தில் எல்லாம் ஒரு கொல்லர் இருந்தார். குதிரைக்கு லாடம் அடிப்பது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது, தேய்ந்த கொழுவைத் தட்டிக் கூராக்குவது, கீல், கொக்கி, தாழ்ப்பாள், சங்கிலி செய்வது அவர் தொழில். விவசாயி வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அதே நாற்சந்தியில் ஒரு பலசரக்குக் கடையும் இருக்கும். லாடம் அடித்து முடிவதற்குள் தேயிலை, சர்க்கரை, உப்பு, துணி வாங்கிக்கொள்வார். ஆகவே பட்டறைக்கு வரும் கூட்டந்தான் கடைக்கும் வந்தது. ஒருவர் பிழைப்பில் மற்றவர் பிழைப்பு இருந்தது.

கொடுக்கல் வாங்கலும் நம்முடைய பழைய காலம் போலத்தான். ரொக்கம் அபூர்வம். அறுவடை வந்தால் பாக்கி தீரும். ஒருவர் கோதுமையாகக் கொடுப்பார், ஒருவர் விறகாகக் கொடுப்பார், ஒருவர் இரண்டு நாள் வேலை செய்து கழிப்பார். கொல்லர் கடைக்காரரிடம் சர்க்கரை வாங்கினால், கடைக்காரரின் குதிரைக்கு லாடம் அடித்ததில் அது வரவு வைக்கப்படும். வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து பற்று வரவு பார்த்துத் தீர்த்துக்கொள்வார்கள்.

பட்டறை ஏன் மறைந்தது?

ஒரே நாளில் மறையவில்லை. முதலில் லாடம் தொழிற்சாலைச் சரக்காக மாறியது. அதே நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள டிராய் நகரில், ஹென்றி பர்டன் என்பவர் லாடம் செய்யும் இயந்திரத்துக்கு 1835-ல் காப்புரிமை பெற்றார். பிறகு அதை மேம்படுத்தி, நிமிடத்துக்கு 60 லாடம், அதாவது விநாடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். ஊர்க் கொல்லர் லாடம் செய்பவர் என்ற நிலை மாறி, பெட்டியில் வந்த லாடத்தை மாட்டுபவர் ஆனார்.

அடுத்தது தபால் மூலம் விற்பனை. 1872-ல் மான்ட்கோமரி வார்டு தொடங்கி வைத்த விலைப்பட்டியல் வியாபாரத்தைப் பின்னால் சியர்ஸ் கம்பெனி பெரிதாக வளர்த்தது. கீல், கொக்கி, சங்கிலி எல்லாம் பட்டியலில் படத்தோடு வந்தன. 1913 ஜனவரி முதல் தேதி அரசாங்கத் தபால் இலாகாவே பார்சல் எடுத்துப் போகத் தொடங்கியதும், கிராமத்து வீட்டு வாசலுக்கே சாமான் வந்து சேர்ந்தது. இதைப் படிக்கும்போது இன்றைய நம் கவலை ஏதேனும் உங்களுக்கு நினைவு வந்தால் அது தற்செயல் அல்ல.

கடைசியாக மோட்டார் வண்டி. 1908-ல் ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' கார் வந்தது. அமெரிக்காவில் 1915 வாக்கில் இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும், 1960 வாக்கில் ஏறத்தாழ 30 லட்சமாகக் குறைந்தன. குதிரை இல்லாத ஊரில் லாடக்காரருக்கு என்ன வேலை? சில பட்டறைகள் கார் பழுது பார்க்கும் இடமாக மாறின. அகலமான கதவு வேண்டும் என்று முன்சுவரை இடித்தார்கள். சில பட்டறைகள் பூட்டிக் கிடந்தன.

பூட்டிக் கிடந்தாலும் கல்சுவர் நிற்காதா என்று நாங்களும் கேட்டோம். நிற்காது. அந்தக் கற்களைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. கூரை ஒழுகத் தொடங்கினால் தண்ணீர் சுவருக்குள் இறங்கிச் சாந்தைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து கல்லைத் தள்ளுகிறது. நல்லது செய்வதாக எண்ணிப் பின்னாளில் சிமென்ட் பூசியவர்கள் இன்னும் கெடுதல் செய்தார்கள். சிமென்ட் இறுகலாக இருப்பதால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லாமல் போகிறது. மிச்சம் மீதி இருந்தவற்றில் சாலையை அகலப்படுத்தும்போது போனவையும் உண்டு. விழுந்த சுவரின் கற்களை அக்கம்பக்கத்தார் எடுத்துக்கொண்டு போவார்கள். நாற்சந்தியில் புல் முளைத்துவிடும்.

தடம் பிடிக்கும் வழி

இப்படி ஒரு பட்டறை காணாமற்போய், அதை நேரில் பார்த்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அது இருந்ததை இன்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த நாட்டில் உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், இதை ஒரு வேலையாகவே செய்கிறார்கள். அவர்கள் போகும் வழியை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, வரைபடம். 1850-களிலும் 1870-களிலும் மாவட்டந்தோறும் பெரிய வரைபடங்களை அச்சிட்டு விற்றார்கள். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறுப்புப் புள்ளியும் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயரும் இருக்கும். பட்டறை என்றால் 'பி.எஸ்.' என்று தொடங்கும் சுருக்கெழுத்து இருக்கும். 1850-களின் படத்தில் இருந்து பிந்தைய படத்தில் இல்லாவிட்டால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று அறியலாம்.

இரண்டாவது, கிரயப் பத்திரம். நம் சார்பதிவாளர் அலுவலகம் போல அங்கே மாவட்டக் கிளார்க் அலுவலகம். விற்றவர் பெயரில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஓர் அட்டவணை. நாம் வில்லங்கம் பார்ப்பது போலப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். நில அளவை எல்லாம் சங்கிலியும் லிங்க்ஸுமாக இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 100 லிங்க்ஸ். நம் நாட்டு அளவையிலும் இருந்த அதே சங்கிலிதான். பட்டறையின் சொந்தப் பத்திரத்தில் 'நிலம்' என்று மட்டும் இருந்துவிடும். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தில், நான்கெல்லை சொல்லும்போது, 'கொல்லுப்பட்டறை மனையின் மூலை வரை' என்று வரக்கூடும். நம்மைப் பற்றிய சாட்சி நம் பெட்டியில் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியில் இருக்கும் என்பது இதில் தெரிகிறது.

மூன்றாவது, மக்கள்தொகைக் கணக்கு. அடிமைகள் அல்லாத ஒவ்வொருவர் பெயரையும், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் தொழிலையும் அமெரிக்காவில் 1850-ல்தான் முதன்முதலாக எழுதினார்கள். ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் உற்பத்தி செய்த பட்டறைகளுக்கு அப்போது தனிப் பட்டியலே உண்டு. முதல் எவ்வளவு, இரும்பும் கரியும் எவ்வளவு வாங்கினார், எத்தனை ஆள், கூலி எவ்வளவு என்று அதில் இருக்கும். நியூயார்க் மாநிலம் தனியாக எடுத்த 1855-ஆம் ஆண்டுக் கணக்கில், குடியிருக்கும் வீடு மரமா, செங்கல்லா, கல்லா, அதன் மதிப்பு என்ன என்றுகூட எழுதினார்கள்.

நான்காவது, தீ இன்சூரன்ஸ் வரைபடம். 1867-ல் தொடங்கிய சான்பார்ன் கம்பெனி, தீப்பிடித்தால் எவ்வளவு நஷ்டம் வரும் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கணக்குப் போடுவதற்காக, நகரங்களில் கட்டடம் கட்டடமாகப் படம் வரைந்து வண்ணம் தீட்டியது. மரக் கட்டடத்துக்கு மஞ்சள், செங்கலுக்கு இளஞ்சிவப்பு, கல்லுக்கு நீலம். ஊர் கொஞ்சம் பெரிதாக இருந்து, படத்தில் நீலக் கட்டம் ஒன்று இருந்து, அதில் கொல்லுப்பட்டறை என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது.

ஐந்தாவது, நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் சுவையானது. லூயிஸ் டப்பன் என்ற பட்டு வியாபாரி, 1837-ல் வந்த பண நெருக்கடியில் கடன் வசூலாகாமல் நொடித்துப் போனார். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வியாபாரம் செய்ததன் பலன் என்று உணர்ந்து, 1841-ல் நியூயார்க்கில் ஓர் ஏஜென்சி தொடங்கினார். ஊர் ஊராக ஆள் வைத்து, கடைக்காரர், கைத்தொழிலாளி ஆகியோரின் நாணயம், சொத்து, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் எழுதி வாங்கிப் பெரிய ஏடுகளில் பதிந்து வைத்தார். அதுதான் பின்னால் ஆர்.ஜி. டன் கம்பெனியாகி, பிறகு டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் ஆயிற்று. அந்தப் பழைய ஏடுகள் 2,500-க்கு மேல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் நூலகத்தில் இருக்கின்றன. கடன் கொடுப்பதற்காக எழுதிய குறிப்பு இன்று சரித்திரம் எழுத உதவுகிறது.

ஆறாவது, மண். பட்டறை இருந்த இடத்தில் காந்தத்தைக் கட்டி இழுத்தால் கறுப்புச் செதில்கள் ஒட்டும். காய்ந்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது தெறித்த செதில்கள் அவை. உலைக் கசடும், வளைந்த லாட ஆணியும் அகப்படும். கட்டடம் போனாலும் தொழில் செய்த இடத்தை மண் மறப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சாட்சி

இத்தனை வழியிலும் தெரியவருவது பட்டறை இருந்தது, இன்னார் வைத்திருந்தார் என்ற அளவுக்குத்தான். அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், எந்த மாதம் வேலை இருந்தது, எந்த மாதம் இல்லை, யார் யார் அவரிடம் வந்தார்கள் என்பதெல்லாம் தெரியவேண்டுமானால் கணக்குப் புத்தகம் வேண்டும். கொல்லரின் சொந்தக் கணக்கு கரி படிந்து கிழிந்து எப்போதோ போயிருக்கும். ஆனால் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் எழுதிய நாள் குறிப்பேடு எங்காவது ஒரு பரணில் தங்கிப்போய், பின்னால் உள்ளூர் நூலகத்துக்கு வந்துசேர்வது உண்டு. அத்தகைய ஏட்டில் கொல்லர் பெயரில் ஒரு பக்கம் இருக்கும். பற்றுப் பக்கம் தேயிலை, சர்க்கரைப்பாகு, ஒரு ஜோடி செருப்பு. வரவுப் பக்கம் லாடம் நான்கு, வண்டிச் சக்கரம் பழுது பார்த்தது.

இரண்டு வரிதான். ஆனால் அந்தக் கொல்லர் உயிரோடு இருந்து, உழைத்து, குடும்பத்துக்குச் செருப்பு வாங்கியதற்கு அந்த இரண்டு வரியைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதை எழுதியவர் சரித்திர ஆசிரியர் அல்ல. பாக்கி வசூலாகவேண்டுமே என்று எழுதிய ஒரு மளிகைக் கடைக்காரர்.

எல்லாக் கொல்லருக்கும் இந்தக் கதியா என்றால், ஒருவருக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது. நியூயார்க்குக்குக் கிழக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர். அங்கே பிராட்டில் தெருவில் 1808-ல் கட்டிய ஒரு வீட்டில் டெக்ஸ்டர் பிராட் என்ற கொல்லர் குடியிருந்து, பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்தார். அதே தெருவில் குடியிருந்த கவிஞர் லாங்ஃபெல்லோ அவ்வழியே நடந்து போவார். 1840-ல் அந்தக் கொல்லரை வைத்து 'கிராமத்துக் கொல்லன்' என்ற பாட்டை வெளியிட்டார். பட்டறை மறைந்தது. அதன் அருகே நின்ற மரத்தையும் 1876-ல் சாலைக்காக வெட்டினார்கள். அந்த மரத்தில் ஒரு நாற்காலி செய்து, 1879-ல் கவிஞரின் 72-ஆம் பிறந்த நாளில் ஊர்க் குழந்தைகள் அவருக்குப் பரிசளித்தார்கள். வீடு இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் அதில் தேநீர்க் கடையும் ரொட்டிக் கடையும் நடந்தன. பாட்டு ஒன்று இருந்ததால் பட்டறை இருந்த இடத்தை உலகம் மறக்கவில்லை.

ஆனால் கவிஞர் எல்லாத் தெருவிலும் குடியிருப்பதில்லை. மளிகைக் கடை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. மற்றக் கொல்லர்களுக்கு நம் சிட்டைதான் பாட்டு.

எங்கள் கடையில் நடந்தது

இனி எங்கள் கதை. விருதுநகர்ப் பக்கம் எங்கள் தகப்பனார் 1956-ல் வாடகைக் கட்டடத்தில் பருப்பு வியாபாரம் தொடங்கினார். அவர் காலத்துக் கணக்குகள் சிவப்புத் துணி அட்டை போட்டு, பரணில் இரண்டு வரிசை இருந்தன. 1980-களில் கிடங்கை ஒழித்தபோது எங்கள் கணக்குப்பிள்ளை, "அண்ணாச்சி, அய்யா கையெழுத்து இருக்கு, ஒரு பக்கம் இருக்கட்டுமே" என்றார். நாங்கள் கேட்கவில்லை. சில்லறைக் கடைக்குப் பொட்டலம் மடிக்க அவ்வளவையும் கொடுத்துவிட்டோம். தகப்பனார் எழுதிய காகிதத்தில் ஊரார் கடுகும் சீரகமும் வாங்கிப் போனார்கள்.

1998-ல் கட்டடம் கைமாறியது. புதிதாக வாங்கியவர், நாங்கள் சமீபத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்றும், உடனே காலி செய்யவேண்டும் என்றும் சொன்னார். தகப்பனார் காலத்திலிருந்து இருக்கிறோம் என்றோம். "ஆதாரம் காட்டுங்கள்" என்றார். வாடகை ரசீது எல்லாம் அந்தக் கணக்குகளோடு போயிருந்தது. நாற்பது வருஷம் நடத்திய கடைக்கு நாலு காகிதம் இல்லை. அந்த மாதங்களில் நாங்கள் தூங்கவில்லை.

கடைசியில் உதவியது எது தெரியுமா? அடுத்த தெருவில் வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பம். அவர்கள் பழைய பேரேடுகளைப் பூஜை அறைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். 1958-ஆம் ஆண்டுப் பேரேட்டில் எங்கள் தகப்பனார் பெயர், கடை இருந்த தெரு, கதவு எண் எல்லாம் போட்டு ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதைக் காட்டியதும் பேச்சின் தோரணை மாறியது. பெரியவர்கள் நடுவில் இருந்து, நியாயமான கால அவகாசமும் தொகையும் பேசி முடித்தார்கள். எங்கள் சாட்சி எங்கள் பெட்டியில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெட்டியில் இருந்தது.

அந்தப் பேரேட்டைப் புரட்டும்போது இன்னொரு பக்கமும் கண்ணில் பட்டது. சந்து முனையில் இருந்த கொல்லர் பெயரில் பற்று வரவு. மூட்டை தூக்கும் கொக்கி 12, தராசுச் சங்கிலி பழுது பார்த்தது, குத்தூசி. ரூபாயும் நயா பைசாவுமாக எழுதியிருந்தது. சின்ன வயதில் அந்தத் துருத்திக்கு முன்னால் வேடிக்கை பார்த்து நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முப்பது நாற்பது வருஷமாக அவரை நாங்கள் நினைத்ததே இல்லை. அவருடைய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. ரோச்சஸ்டர் பக்கத்துக் கொல்லர்களின் கதையைக் கேட்டபோது எங்கள் மனதில் வந்து நின்றவர் அவர்தான்.

நாம் செய்யவேண்டியது

சட்டம் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டுக் கணக்கை, அந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவம் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்கவேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது முடிந்த பின்னும் ஓர் ஆண்டு வரை வைத்திருக்கவேண்டும். இந்த இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. அது முடிவதற்குள் எடைக்குப் போடுவது தவறு.

கெடு முடிந்த பிறகும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நம்மிடம் இடம் இல்லை என்பது உண்மைதான். ஆகவே ஆண்டுக்கு ஒரு பேரேடு மட்டும் ஒதுக்கி வையுங்கள். வாடகை ரசீது, லைசென்ஸ், எடைக்கல் முத்திரைச் சான்று, கடை திறந்த நாள் அழைப்பிதழ், பழைய விலைப்பட்டியல் ஆகியவற்றை ஒரு தகரப்பெட்டியில் போட்டு வையுங்கள். வேப்பிலையோ நாப்தலின் உருண்டையோ போட்டால் பூச்சி அண்டாது. ஈரத்தரையில் வைக்காதீர்கள். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஆண்டு முடிவில் பேரேட்டை ஒரு பிரதி காகிதத்தில் எடுத்து வையுங்கள். மிஷின் பழுதாகும், சாப்ட்வேர் மாறும், காகிதம் இருக்கும்.

இன்னொன்று. பழைய சிட்டையில் அடுத்தவர் கடன் இருக்கும். இன்னார் தாத்தா இவ்வளவு பாக்கி வைத்தார் என்று கடைத்தெருவில் பேசுவது வியாபார தர்மம் அல்ல. சாட்சி என்பதற்காகத்தான் வைத்திருக்கிறோம், ஏளனத்துக்காக அல்ல.

முடிந்தால் ஒரு நோட்டில், உங்கள் தெருவில் உங்களுக்குத் தெரிந்து இருந்த கடைகளை வரிசையாக எழுதி வையுங்கள். கிழக்கே முதல் கடை யாருடையது, என்ன வியாபாரம், எந்த வருஷம் மூடினார்கள், லாடம் அடித்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார், ஈயம் பூசுபவர் எந்தத் திண்ணையில் இருந்தார் என்பது வரை. ஒரு மணி நேர வேலை. வீட்டில் எழுபது எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வாரமே எழுதுங்கள்.

எங்கள் தகப்பனாரின் ஏடுகளில் இன்று எங்களிடம் ஒன்றுகூட இல்லை. வத்தல் மண்டிக்காரர் அன்று எங்களுக்கு எடுத்துக் கொடுத்த அந்த ஒரு பக்கத்தின் நகல்தான், கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. காலையில் கடை திறந்து விளக்கேற்றும்போது அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த முறை பழைய காகிதக்காரர் வாசலில் வந்து குரல் கொடுக்கும்போது, சாக்கின் வாயைக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.